இருபத்து நான்காம் நிமிடம், பதினேழாவது நொடி

டெல்மாண்ட் நகரத்தில் ஒவ்வொரு அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதியும் மாலை ஆறு மணிக்கு உள்ளூர் வானொலியில் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். பேய் வேடம் போட்ட பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்டுத் திரிகிற நேரம் அது. 'கவனிக்கப்படாத பழைய வானொலி நாடகங்களின் காப்பு வாரியம்' என்று ஒரு மூச்சில் சொல்ல முடியாத பெயர் கொண்ட வாரியத்தின் தலைவர் டாக்டர் பிரெஸ்காட் லேத்ராப், தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, தம்மிடம் இருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு திகில் நாடகங்களின் பெயர்களை ஓடும் நேரத்தோடும் அலமாரி எண்ணோடும் வாசித்து முடிப்பார். பிறகு அரை மணி நேரம் மௌனம். நாடகங்களுக்குச் செய்கிற மரியாதையாம். ஊரில் பாதிப் பேர் ரேடியோ கெட்டுவிட்டதென்று நினைத்து அதன் தலையில் தட்டிப் பார்ப்பார்கள்.

நாடகத்தை மட்டும் போட மாட்டார்கள். காரணம் வாரியத்தின் ஆறாம் விதி. உயிரோடு இருப்பவர்களில் ஒன்பது பேருக்கு மேல் கேட்டுவிட்டால், அந்த நாடகம் கவனிக்கப்பட்ட நாடகம் ஆகிவிடும். கவனிக்கப்பட்டதைக் காப்பாற்றுவது வாரியத்தின் வேலை இல்லை. ஆகவே கவனிக்கப்படாத நாடகங்களை எவரும் கவனித்துத் தொலைக்காதபடி, பதினாறு ஊழியர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்கிறார்கள்.

ஓபல் ஸ்டக்கிக்கு எண்பத்தொரு வயது. போன வருடம் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளுக்கும் ஒரு தேனீக்கும் மிட்டாய் போட்டுக்கொண்டிருந்தாள். "ஐஸ் கிடங்கில் ஆறாவது ஆள். இருபத்தொன்பது நிமிடம். அலமாரி பதினேழு" என்று உள்ளேயிருந்து தலைவரின் குரல் வந்தது. ஓபல் கிண்ணத்தை அப்படியே தேனீயின் பைக்குள் கவிழ்த்துவிட்டு ரேடியோவை நோக்கி ஓடினாள். தேனீக்கு அன்றைக்கு நல்ல யோகம்.

அந்த நாடகத்தில் அலறியவள் அவள்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் அவளுக்குப் பத்தொன்பது வயது. அந்தக் காலத்துக் கதாநாயகிகள் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள். வசனமெல்லாம் பேசிவிட்டு, அலற வேண்டிய இடம் வந்ததும் நாசூக்காக ஓர் எட்டு ஒதுங்குவார்கள். அலறலுக்கென்றே வைத்திருக்கிற பெண் மைக்கின் முன்னால் வந்து அலறிவிட்டுப் போவாள். ஓபலுக்கு அந்த வேலை.

சத்தங்களுக்கு வென்டெல் ஸ்டக்கி. தகரத்தை ஆட்டினால் இடி, செலரிக் கீரைத் தண்டை ஒடித்தால் எலும்பு முறிவு, முட்டைக்கோஸைக் கத்தியால் பிளந்தால் தலைவெட்டு. திறந்த மைக்கின் பக்கத்திலேயே நின்று நின்று வாய் பேசுகிற பழக்கமே விட்டுப்போன மனிதன். எல்லாம் கைஜாடைதான். ஜவ்வு இழுப்பது போலக் காட்டினால் 'மெதுவாகப் போ'. கழுத்தில் விரலை இழுத்தால் 'நிறுத்து'. மூக்கு நுனியைத் தொட்டால் 'எல்லாம் சரியாக, நேரத்துக்கு நடக்கிறது'. ஆறு வாரம் ஒரே அறையில் வேலை பார்த்தும் ஓபலிடம் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஐஸ் கிடங்கு நாடகம் ஒலிபரப்பான அன்று, முட்டைக்கோஸில் இறங்க வேண்டிய கத்தி அவன் விரலில் இறங்கிவிட்டது. ரத்தத்தைப் பார்த்த ஓபல் நிஜமாகவே அலறினாள். எழுதியிருந்தது மூன்று நொடி அலறல். அவள் அலறியது ஏழு நொடி. மைக் திறந்திருக்கிறது என்பதை வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மறந்துபோன வென்டெல், அவள் பக்கம் குனிந்து, "பயப்படாத, ஓபல்" என்றான். அடுத்த மே மாதம் கல்யாணம்.

கல்யாணத்துக்குப் பிறகும் மனிதர் மாறவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தால் மூக்கைத் தொடுவார். டெலிபோனில் குரல் பிடிக்கிற மெஷினைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்வார். அவர் போய் ஒன்பது வருடம். பதினோரு ஆல்பம் நிறையப் படம் இருக்கிறது. குரல் ஒரு துளி இல்லை. முகம் ஓபலுக்கு மறக்கவில்லை, நடை மறக்கவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. சில காலை வேளைகளில் எவ்வளவு முயன்றாலும் அது வருவதில்லை. அதுதான் அவளைத் தின்றது.

அலமாரி பதினேழில் இரண்டு வார்த்தை இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

*

வாரிய அலுவலகத்தில் விண்ணப்பங்களை வாங்குகிறவன் டுவேன் கிப்ளர். நாற்பது வயது இருக்கும், ஒல்லி, எப்போதும் வெள்ளைக் கையுறை. அவன் முப்பத்தொன்றாம் எண் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"முதல் கேள்வி, மேடம். இந்த நாடகத்தைக் கேட்டிருக்கீங்களா? கேட்டிருந்தா உங்களுக்குத் தகுதி இல்ல. ஏற்கெனவே கேட்டவங்களுக்கு எதுக்குன்னு விட்டுருவாங்க."

"கேட்டதில்லப்பா."

"ரெண்டாவது கேள்வி. கேட்டதில்லன்னா, அதைக் கேக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு? தக்க காரணம் இல்லன்னா தகுதி இல்ல."

"நான் அதுல அலறியிருக்கேன்."

டுவேன் பேனாவை வைத்துவிட்டான். இப்படி ஒருவர் வருவார் என்று படிவம் அடித்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தான்.

"மேடம், அலறுறப்ப உங்க காது தொறந்திருந்துச்சா?"

"காதை எப்படிப்பா மூடுறது?"

"அதான் சிக்கல். உங்க அலறல் உங்க காதுல விழுந்திருந்தா, நீங்க நாடகத்தைக் கேட்டவங்க ஆயிடுறீங்க. விழலன்னா, அலறுனதுக்குச் சாட்சி இல்ல."

இதை முடிவு செய்ய ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழு நான்கு மாதம் கூடி, அலறுகிறவர் தம் அலறலை உள்ளிருந்து கேட்கிறாரே ஒழிய வெளியிலிருந்து கேட்பதில்லை, எனவே அவரை அரை ஆளாகக் கணக்கில் கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. ஓபலுக்கு அதற்கான சான்றிதழ் தபாலில் வந்தது. அரை ஆள் என்று முத்திரை குத்தியிருந்தது.

அடுத்தது பயச் சோதனை. நாடகம் பயமுறுத்துகிறதா என்று மூன்று பரிசோதகர்கள் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் நாடகத்தைக் கேட்கக் கூடாது. ஆகவே காலை பதினொரு மணிக்கு, எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு, மின்தூக்கியைப் பழுதுபார்க்கிற ஒருவர் கதைச் சுருக்கத்தை வாசிப்பார். யாராவது பயந்துவிட்டால் நடுநிலை தவறினார் என்று அவரை மாற்றிவிடுவார்கள். பயப்படாதவருக்கோ பயத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல உரிமை இல்லை. இருபத்து நான்கு வருடமாக எந்த நாடகமும் இந்தச் சோதனையைத் தாண்டியதில்லை என்று டுவேன் பெருமையாகச் சொன்னான்.

"கவனிக்கப்படாததுலேருந்து ஏதாவது வெளிய போயிருக்கா?" என்று ஓபல் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு போச்சு மேடம்." டுவேனின் குரல் தாழ்ந்தது. "கல்லறைக் கதவுன்னு ஒரு நாடகம். அதுல முக்கியமான பயமே அந்தக் கதவு கிறீச்சிடுற சத்தம்தான். எங்க ஆள் ஒருத்தர் சாப்பாட்டு அறையில பேச்சுவாக்குல அதை வாயால செஞ்சு காட்டிட்டார். பன்னண்டு பேர் இருந்தாங்க. ஆறாம் விதி, உட்பிரிவு மூணு. நாடகத்தோட பிரதான பயத்தைக் கேட்டாலே முழு நாடகத்தையும் கேட்ட மாதிரி. ஒரு மணி நேரத்துல பட்டியல்லேருந்து அடிச்சு, ஒலித்தட்டைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில போட்டோம்."

"அடப் பாவமே. அந்த ஆள் என்ன ஆனார்?"

"கதவுக்கெல்லாம் எண்ணெய் விடுற பிரிவுக்கு மாத்திட்டாங்க."

*

செப்டம்பர் கடைசியில் ஓபலுக்கு ஒரு கடிதம் வந்தது. வாரியத்துக்கு இது இருபத்தைந்தாம் ஆண்டு. அதை முன்னிட்டு இந்த ஒரு முறை, ஒரே ஒரு நாடகத்தைப் பயச் சோதனை இல்லாமலே 'கேட்கத் தக்கது' என்று அறிவிக்கப் போகிறார்கள். ஐஸ் கிடங்கு நாடகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அலறியவர் இன்னும் உயிரோடு இருப்பதால் படம் எடுத்துக்கொள்ள வசதி என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

ஓபல் கடிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு லவானிடம் ஓடினாள். லவானுக்கு எழுபத்தெட்டு வயது. முப்பது வருடம் பள்ளி பஸ் ஓட்டியவள். இப்போதும் காரை பஸ் மாதிரிதான் திருப்புவாள்.

"பாத்தியா? கேக்கத் தக்கதாம்" என்றாள் ஓபல்.

"பொறு. இன்னும் கேக்க விடல இல்ல" என்றாள் லவான்.

லவானின் வாய்முகூர்த்தம் பலித்தது. மறுநாளே, பழைய ஒலியைச் சுத்தம் செய்கிற பிரிவிலிருந்து அழைப்பு. அதன் தலைவன் பிரைஸ், முப்பது வயதுக்காரன், கண்ணாடிக்குப் பின்னால் கண் மினுங்க ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினான்.

"உங்களுக்கு ஒரு நல்ல செய்தி, மிஸஸ் ஸ்டக்கி. உங்க அலறல் அருமையான அலறல். ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு அழுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு. இருபத்து நாலாவது நிமிஷம், பதினேழாவது நொடி. தேவையற்ற ஆண் குரல். அதைச் சுத்தமா வழிச்சு எடுத்துறப் போறோம்."

ஓபலுக்குச் சட்டென்று உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தாள்.

"அது அழுக்கு இல்லப்பா. அது எங்க வீட்டுக்காரர்."

"ஸ்கிரிப்டுல அப்படி ஒரு வசனம் இல்லையே, மேடம். நாடகத்துல ஓபல்னு ஒரு பாத்திரமும் இல்ல. அதுவும் திகில் நாடகத்துல வந்து ஒருத்தர் பயப்படாதன்னு சொன்னா என்ன அர்த்தம்? பிரதான பயம் பதினோரு சதவீதம் குறையுது. அளந்துட்டோம்."

"சரி, நீங்க வேணும்னா ஒரு பிரதியில எடுத்துக்குங்க. பழைய தட்டை அப்படியே விட்டுருங்க. அதுலேருந்து நான் ஒரு தடவை கேட்டுக்கிறேன்."

பிரைஸ் பரிதாபமாகப் பார்த்தான். "ரெண்டு இருந்தா எது அசல்னு குழப்பம் வரும், மேடம். சுத்தம் பண்ணினதுதான் அசல். அதனால பழசைத் தலைவர் கையால சுத்தியல் போட்டு உடைச்சுருவோம். சின்ன விழாதான். காபி, ஆப்பிள் டோனட் உண்டு."

"எனக்கு ஆட்சேபனை இருக்கு."

"தாராளமா சொல்லலாம். ஆனா குரலுக்குச் சொந்தக்காரர் கையெழுத்துப் போடணும்."

"அவரு போய் ஒன்பது வருஷம் ஆச்சு."

"அப்ப அவருக்கு ஆட்சேபனை இல்லன்னு எடுத்துக்கலாம்" என்று பிரைஸ் ஆறுதலாகச் சொன்னான். இந்தக் குரலைச் சுத்தம் செய்யச் சொல்லி பதினோரு வருடத்துக்கு முன்பே உத்தரவு போட்டிருந்ததாகவும், கோப்பில் கையெழுத்துப் போட ஆள் கூடாததால்தான் இவ்வளவு தாமதம் என்றும், வாரியத்தின் சார்பில் அதற்கு மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னான். அக்டோபர் இருபத்து நான்காம் தேதி ஆண்டு விழாக் கூட்டம். அங்கே அறிவிப்பு. மறுநாள் காலை சுத்தம், பிற்பகல் சுத்தியல்.

பதினோரு வருடச் சோம்பேறித்தனம் பத்திரமாக வைத்திருந்ததை, ஓபல் தானே விண்ணப்பம் போட்டு எழுப்பிவிட்டிருந்தாள். காரில் வரும்போது அவள் அழுதாள். லவான் ஓட்டினாள். ரயில்வே கேட்டில் வழக்கம்போல வண்டியை நிறுத்தி, பஸ் ஓட்டிய காலத்துப் பழக்கத்தில் கதவைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பிறகு கேட்டாள்.

"அந்தக் கல்லறைக் கதவு நாடகத்தை என்ன பண்ணினாங்கன்னு சொன்ன?"

"குப்பைத் தொட்டியில போட்டாங்க."

"எத்தனை பேர் கேட்டதுக்கு?"

"பன்னண்டு."

"இருபத்து நாலாம் தேதிக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவாங்க?"

ஓபல் மூக்கைச் சிந்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ரயில் வராத தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"கடை எத்தனை மணிக்கு மூடுவான், லவான்? நல்ல கெட்டியான முட்டைக்கோஸ் ஒண்ணு வேணும்" என்றாள்.

*

ஆண்டு விழாக் கூட்டத்தில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். அறங்காவலர்கள், நன்கொடையாளர்கள், பிரிவுத் தலைவர்கள். சுவரில் கேட்கப்படாத நாடகங்களின் தட்டு உறைகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். முதல் வரிசையில் கட்டடத்தையே தானம் செய்த திரு. ஹாட்ச். தொண்ணூறு வயது. காது கேட்டு நான்கு வருடம் ஆகிறது. மூலையில் நடவடிக்கைக் குறிப்பு எழுத டுவேன். அவனுக்குப் பக்கத்தில் ஒரு வண்டியில், வெல்வெட் துணி போர்த்தி, ஐஸ் கிடங்கு நாடகத்தின் பெரிய கருப்புத் தட்டு. ஓபல் முதல் முறையாக அதைப் பார்த்தாள். இரவுச் சாப்பாட்டுத் தட்டைவிட நல்ல பெரிசு. அதற்குள் அவர் இருக்கிறார் என்று நினைத்தாள். இன்றைக்குத் தொண்டை அடைக்கக் கூடாது என்று தண்ணீர் குடித்தாள்.

குறிப்பில் ஏறும் என்று தெரிந்தால் தலைவரின் பேச்சு விறைத்துக்கொள்ளும்.

"நண்பர்களே, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இந்த நாடகங்களைக் கேட்பார் யாருமில்லை. இன்றும் யாருமில்லை. இந்த நிலையை நாம் கட்டிக்காத்திருக்கிறோம். மற்ற ஊர்களில் என்ன நடக்கிறது? பழைய நாடகங்களை யார் வேண்டுமானாலும் போட்டுக் கேட்கிறார்கள். குடும்பத்தோடு கேட்கிறார்கள். சிலர் ரசிக்கவும் செய்கிறார்கள். அங்கே எதுவும் பாதுகாப்பாக இல்லை. நம்மிடம் நானூற்றுப் பன்னிரண்டு நாடகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. என் பிணத்தைத் தாண்டித்தான் எவரும் அவற்றைக் கேட்க முடியும். அப்படிப்பட்ட நாம் இன்று ஒரு நாடகத்தைக் கேட்கத் தக்கதாக அறிவிக்கிறோம். பதற வேண்டாம். கேட்கத் தக்கது என்றுதான் சொன்னேன். கேட்கலாம் என்று சொல்லவில்லை."

நீண்ட கைதட்டல். ஓபலுக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. சுத்தம் செய்த பிறகும் போட மாட்டார்கள். சான்றிதழ் மட்டும் கொடுப்பார்கள்.

"இப்போது, அலறியவர் இரண்டு வார்த்தை பேசுவார்" என்றார் தலைவர்.

ஓபல் எழுந்தாள். லவான் பின்னாலேயே வந்து தலைவரின் மேசைமேல் ஒரு பையை வைத்து, அதிலிருந்து பலகை, கத்தி, முட்டைக்கோஸ் ஆகியவற்றை எடுத்து வரிசையாக அடுக்கிவிட்டு, பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணுவது போல அறையில் இருந்தவர்களை விரலால் எண்ணினாள்.

"இருபத்து மூணு, ஓபல்" என்றாள்.

"இது என்ன? சாலட் செய்முறையா?" என்று தலைவர் சிரித்தார். நன்கொடையாளர்களும் சிரித்தார்கள்.

ஓபல் கத்தியை ஓங்கினாள். அறுபத்திரண்டு வருடமாக அந்தச் சத்தத்தை அவள் செய்ததில்லை. ஆனால் அடி எங்கே விழ வேண்டும் என்பது பார்த்த கண்ணுக்கு மறக்கவில்லை. முட்டைக்கோஸ் பிளந்தது. உடனே அவள் அலறினாள். முதல் மூன்று நொடி எழுதிக்கொடுத்த அலறல். அடுத்த நான்கு நொடி விரலில் ரத்தம் பார்த்த அலறல். அதற்கப்புறமும் அது நிற்கவில்லை. ஒன்பது வருடத்து அலறல் ஒன்று உள்ளே கிடந்திருக்கிறது. அதுவும் வந்துவிட்டது.

சட்டம் போட்ட உறைகளில் இரண்டு சுவரிலிருந்து கழன்று விழுந்தன. பயப் பரிசோதகர்கள் மூவரும் ஒரே கதவில் ஒரே நேரத்தில் வெளியேறப் பார்த்து அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். பிரைஸ் தீயணைப்பு மணியை அடித்துவிட்டான். தலைவரைக் காணவில்லை.

மணி அடங்கியதும் டுவேன் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது, ஆனால் விதிப் புத்தகம் கையில் இருந்தது.

"ஆறாம் விதி, உட்பிரிவு மூணு. பிரதான பயத்தை ஒன்பது பேருக்கு மேல கேட்டாச்சு. நாடகத்தைப் பட்டியல்லேருந்து நீக்கணும், சார்."

"நீக்க முடியாது" என்று மேசைக்கு அடியிலிருந்து தலைவரின் குரல் வந்தது. "நான் எதையும் கேட்கவில்லை. குறிப்பில் எழுது. நம்மில் யாராவது ஏதாவது கேட்டோமா?"

அறங்காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்கவில்லை என்றார்கள். கதவில் சிக்கியிருந்த மூவரும் கேட்கவில்லை என்றார்கள். பிரைஸ், தான் மணி அடித்தது சும்மா பயிற்சிக்காக என்றான். ஒவ்வொருவராகக் கையைத் தூக்க, டுவேன் பெயர் பெயராக எழுதிக்கொண்டு வந்தான்.

"அப்படின்னா ஏன் சார் மேசைக்கு அடியில இருக்கீங்க?" என்று டுவேன் கேட்டான். "குறிப்புல காரணம் எழுதணும்."

தலைவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பேனா விழுந்துவிட்டது."

அப்போது முதல் வரிசையில் திரு. ஹாட்ச் எழுந்தார். கன்னமெல்லாம் கண்ணீர்.

"எனக்குக் கேட்டுது" என்றார். "நாலு வருஷமா என் பொண்டாட்டி கத்துறதுகூடக் கேக்கல. இது கேட்டுது. யார் கேக்கலன்னு சொல்றவன்? இது என் கட்டடம். எனக்குக் கேட்டிருந்தா இங்க எல்லாருக்கும் கேட்டுத்தான் இருக்கணும்."

கட்டடம் கொடுத்தவர் பேச்சுக்கு மறுபேச்சு வாரியத்தின் எந்த விதியிலும் இல்லை. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. இருபத்து மூன்று பேருக்குக் கேட்டது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

*

தட்டை ஓபல் கையில் கொடுக்க முடியாது என்று டுவேன் சொல்லிவிட்டான். "வாரியச் சொத்தைத் தனி ஆளுக்குக் கொடுக்கக் கூடாது, மேடம். குப்பைத் தொட்டியில போட்டாத்தான் அது குப்பை. குப்பையை யார் எடுத்தாலும் எங்களுக்குக் கவலை இல்ல. ஆனா தொட்டியில விழணும்."

கட்டடத்தின் பின்பக்கத் தொட்டி ஆள் உயரத்துக்கு இரும்பில் இருந்தது. உள்ளே கண்ணாடிப் புட்டிகள். அதில் விழுந்தால் தட்டு சுக்குநூறாகிவிடும். ஓபல் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரோட தொட்டின்னு விதியில இருக்கா, தம்பி?" என்று லவான் கேட்டாள்.

டுவேன் புத்தகத்தைப் புரட்டினான். "தொட்டின்னு மட்டும்தான் இருக்கு."

லவான் காரின் பின்பக்கத்தைத் திறந்து, தன் வீட்டுத் தோட்டத்துக் குப்பைத் தொட்டியை இழுத்து வைத்தாள். அதில் வாய்வரைக்கும் உதிர்ந்த மேப்பிள் இலை. டுவேன் வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு கையாலும் தட்டை ஏந்தி, தொட்டில் பிள்ளையைக் கிடத்துவது போல இலைமேல் வைத்தான்.

"போட்டாச்சு" என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டான்.

*

அக்டோபர் முப்பத்தொன்று, மாலை ஆறு மணி. தலைவர் வானொலியில் நானூற்றுப் பதினொரு பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். ஓபல் ரேடியோவை அணைத்து அவரைப் பாதிப் பேயில் நிறுத்திவிட்டாள். பழைய வானொலி நிலையம் மூடியபோது வென்டெல் எடுத்து வந்து கராஜில் வைத்திருந்த பெரிய தட்டு சுழற்றியை அவளும் லவானும் கூடத்தில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். லவான் தன் வீட்டு வாசலில் மிட்டாய் கொடுக்கப் போய்விட்டாள். இதை நீ தனியாகக் கேள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கதவு தட்டப்பட்டது. சூனியக்காரிகளாக இருக்கும் என்று மிட்டாயோடு போனால், டுவேன் நின்றிருந்தான். கையில் நாற்பத்து நான்காம் எண் படிவம்.

"அப்புறப்படுத்தின தட்டு என்ன ஆச்சுன்னு ஒரு அறிக்கை கொடுக்கணும், மேடம். கேக்குறப்ப நான் கூட இருக்கணும்." சற்றுத் தயங்கினான். "எட்டு வருஷமா அங்க வேலை பாக்குறேன். ஒண்ணுகூடக் கேட்டதில்ல."

"உள்ள வந்து உக்காரு" என்றாள் ஓபல்.

ஊசி இறங்கியது. கரகரப்பு. காற்று. வெள்ளரிக்காய் ஊறுகாய் விளம்பரம் ஒன்று. ஐஸ் கிடங்குக்குள் ஐந்து பேர் மாட்டிக்கொண்டார்கள். மூச்சை எண்ணிப் பார்த்தால் ஆறு மூச்சு கேட்கிறது. டுவேன் நாற்காலி நுனிக்கு வந்து, பிறகு கையுறையைக் கழற்றி விரலைக் கடிக்க ஆரம்பித்தான். ஓபல் நாடகத்தைக் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்து நான்காம் நிமிடம். முட்டைக்கோஸ் பிளக்கிற சத்தம். ஏழு நொடி அலறல். டுவேன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். உடனே எடுத்தும் விட்டான். அலறல் தேய்ந்து முடிகிற இடத்தில், மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், ஒரு வாலிபனின் குரல் தாழ்ந்து வந்தது.

"பயப்படாத, ஓபல்."

அவள் நினைத்து வைத்திருந்ததைவிட அது மெலிந்த குரல். கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். ஆமாம், இதுதான், இப்படித்தான். ஐம்பத்திரண்டு வருடம் அபூர்வமாய் அபூர்வமாய் அவள் கேட்ட குரல். அவள் எழுந்து போய் ஊசியைத் தூக்கிக் கொஞ்சம் பின்னால் வைத்தாள். மறுபடி கேட்டாள். மறுபடி வைத்தாள்.

நான்காவது முறைக்குப் பிறகு அவன் மெதுவாகப் படிவத்தை எடுத்தான். கேட்டவர் எத்தனை பேர் என்ற கட்டத்தில் ஒன்றரை என்று எழுதினான். கொஞ்சம் யோசித்து, அதை அடித்துவிட்டு இரண்டு என்று திருத்தினான். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 'தேவையற்ற ஒலிகள்: நிமிடம், நொடி, விவரம்' என்று அச்சடித்திருந்தது. அவன் ஓபலைப் பார்த்தான். பிறகு குனிந்து, தெளிவான கையெழுத்தில், 'ஏதுமில்லை' என்று எழுதி, சரியா என்று கேட்கிற மாதிரி அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

ஓபல் விரலைத் தூக்கி மூக்கு நுனியைத் தொட்டாள்.